இரண்டு முறை வெட்டிய பேர்

கிராணியார் ஐயா, நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

சென்ற மாதம் இதே வாரப் பத்திரிகையில், வெள்ளத்தின்போது தோட்டத்தைக் காப்பாற்றிய கதையை எழுதினீர்கள். துரை ஊரில் இல்லாதபோது ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியான நீங்கள் ஒருவரே நின்று ரப்பர் ஷீட்டுகளை எல்லாம் கரையேற்றியதாகச் சொல்லிக்கொண்டீர்கள். அதில் எனக்கு வழக்கில்லை. ஷீட்டுகள் கரையேறியது உண்மைதான். ஆனால் நடுவில் நாலு வரி போட்டிருக்கிறீர்கள். குறுக்குவழி என்றொரு கோமாளி இருந்தான், வெள்ளத்தன்று ஒரு பிரசவக்காரியைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் வழி தவறிச் சாகடித்தான், பிறகு தோட்டத்தை விட்டு ஓடிவிட்டான் என்று.

அந்தப் பிரசவக்காரி என் பெண்டாட்டி. பேர் பாக்கியம். அவள் சாகவில்லை. நீங்கள் எழுதியதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நான் செத்துட்டேனாமா? அப்ப மத்தியானச் சோறு யாரு ஆக்குறதாம்?" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் படித்தவன் இல்லை. தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரத்தின் பட்டை வெட்டினேன். இப்போது ஈப்போ புந்தோங்கில் சைக்கிள் டயருக்கு ஒட்டுப் போடுகிறேன். நயமாக எழுத எனக்கு வராது. குறுக்குவழி யார் என்று வாசகர்களுக்குச் சொல்லப்போகிறேன். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கவனிக்கவில்லை என்று சொல்லக்கூடாது. அவருடைய உண்மையான பேர் எங்களுக்கு வேண்டும். எங்களில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பேராக் மாநிலத்திலேயே நேர் ரோட்டில் சேர்ந்தாற்போல நூறு அடி நடக்காத ஒரே மனிதர் குறுக்குவழிதான். ரோடு என்றாலே அவருக்கு ஆகாது. "ரோட்டப் போட்டவன் அவன் போறதுக்குப் போட்டான். நமக்காகவா போட்டான்?" என்பார். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய கைலி, இடுப்பில் ஒரு பாராங் கத்தி, காதில் செருகிய பாதிச் சுருட்டு. இரண்டு காலும் அட்டை கடித்த தழும்பால் புள்ளி புள்ளியாக இருக்கும். வயதைக் கேட்டால் மைலில் பதில் சொல்வார். மைலைக் கேட்டால் வெற்றிலையில் பதில் சொல்வார். "ரெண்டு வெத்தல தூரம்தான்லா" என்று சொல்லி ஒருவனைக் கூட்டிப்போனால், அவன் ஒரு கட்டு வெற்றிலையையும் தீர்த்துவிட்டு வாய் வெந்து திரும்பி வருவான்.

அவர் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்ததே அப்படித்தான். பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியவர்களை ரயிலில் ஏற்றினார்கள். தைப்பிங் பக்கம் ரயில் மலையைச் சுற்றி மெதுவாக ஏறும். இவர் எட்டிப் பார்த்திருக்கிறார். "இது எதுக்கு இந்த மலையச் சுத்துது? நான் குறுக்கால ஏறி அந்தப் பக்கம் புடிச்சுக்கறேன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டுக் குதித்துவிட்டார். மூட்டை அன்று மாலையே தோட்டத்துக்கு வந்தது. ஆள் பதினோராம் நாள் வந்தார். ஒரு கையில் டுரியான் பழம், மறு கையில் ஏதோ ஒரு கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், கொடுத்த பாராங். வழியில் மூன்று மலாய்ச் சொல் கற்றிருந்தார். சானா, சினி, போலே. அங்கே, இங்கே, முடியும். கடைசி வரைக்கும் அந்த மூன்றை வைத்தே ஊர் உலகத்தோடு பேசினார்.

அன்றைக்கு நீங்கள் செக்ரோலோடு உட்கார்ந்திருந்தீர்கள், கிராணியார் ஐயா. வேலைக்காரர் பேரெல்லாம் எழுதும் அந்தப் பெரிய புத்தகம். ஆள் வரவில்லை என்று முதல் நாளே அவர் பேரை வெட்டியிருந்தீர்கள். பதினோராம் நாள் அவர் வந்து நின்றதும் வைதுகொண்டே கீழே மறுபடி எழுதினீர்கள். அவரோடு வந்தவர்கள் வேறு வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை பெரட்டில், எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, "டேய் குறுக்குவழி" என்று நீங்கள்தான் முதலில் கூப்பிட்டீர்கள். அன்றோடு அவருடைய பேர் உங்கள் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. நாங்கள் கேட்டால், "பேரு எதுக்கு? வழி கேளு, சொல்றேன்" என்பார்.

லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. தண்ணீர்க் குழாய்க்குப் போக எல்லாரும் லயத்தைச் சுற்றிப் போவோம். இவர் எங்கள் முன்வாசலில் நுழைந்து, அடுப்படியில் பாக்கியத்தைத் தாண்டி, பின்கதவால் வெளியே போவார். தினமும் நாலு தடவை.

"அண்ணே, ஆறு அடி மிச்சம் புடிக்க என் அடுப்ப மிதிக்கிறீங்களே."

"தங்கச்சி, ஒரு நடைக்கு ஆறு அடின்னா வருசத்துக்கு எவ்வளவு ஆச்சு, பாரு."

"அந்த மிச்சத்த வச்சு என்னா பண்ணப் போறீங்க?"

"சேத்து வச்சு ஊருக்கு நடந்து போவேன்."

"நடுவுல கடல் இருக்கு அண்ணே."

"அதுக்கும் ஒரு குறுக்கு இருக்கும்லா. யாரும் தேடிப் பாக்கல."

ஒரு தடவை காம்பாருக்குச் சந்தைக்குப் போகிறோம் என்று நாலு பேரைக் கூட்டிப்போனார். ரயிலில் போனால் சீக்கிரம் போயிருக்கலாம். மூன்றாம் நாள், காம்பாரையும் தாண்டி எங்கேயோ தெற்கே, சிலிம் ரிவரில் போய் வெளியே வந்தார்கள். அந்த நாலு பேரும் அவரை அடிக்க வந்ததற்கு அவர் சொன்ன பதில்: "இங்கயும் சந்தை இருக்குல்ல? கத்திரிக்கா இங்கயும் கத்திரிக்காதான்."

தைப்பூசக் காவடி கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன் ரப்பர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தோட்டத்தில் மரத்துக்கு மரம் வெட்டு ஒரே பக்கம் பார்த்திருக்கும். அந்தப் பக்கம் பட்டை தீர்ந்தால்தான் மறுபக்கம் திருப்புவார்கள். அப்போது எங்கள் தோட்டத்து வெட்டெல்லாம் கிழக்கே பார்த்தது. குறுக்குவழிக்கு அதுதான் திசைகாட்டி. மூடுபனியானாலும் மழையானாலும் மரத்தைத் தடவிப் பார்த்து, "இது கிழக்கு" என்று நடப்பார். எங்கள் தோட்டத்துக்குள் அது ஒருநாளும் தப்பியதில்லை.

ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தவரையும் எங்களையும், பக்கத்துத் தோட்டத்தின் வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினார். மூடுபனி. மரத்தைத் தடவுவார், நடப்பார். மறுபடி தடவுவார், நடப்பார். உச்சி வேளையில் பனி விலகியது. மேளச் சத்தம் கேட்டது. என் கூட்டாளி சவரிமுத்து வேதக்காரன், கிறிஸ்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன். அவன்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணே, ஈப்போக் கோயிலு நம்ம லயம் மாதிரியே இருக்கே."

எங்கள் லயம்தான் அது. எங்கள் மாரியம்மன் கோயில் மேளம்தான் அது. காவடி எடுத்தவர் அழுதே விட்டார். குறுக்குவழி அசையவில்லை. "முருகன் ஒலகத்தையே சுத்திப் போனாரு, என்னாச்சு? புள்ளையாரு குறுக்கால போனாரு, பழம் கெடச்சுது" என்றார். முருகன் காவடியைத் தோளில் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னார். அடி விழாமல் நாங்கள்தான் தடுத்தோம். தப்பாகப் போய்விட்டேன் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "நான் சரியாத்தான் போனேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் மரத்தத் தப்பா வெட்டியிருக்கான்" என்றார். விசாரித்ததில், பக்கத்துத் தோட்டத்தில் வெட்டை அந்த வருஷம்தான் மேற்கே திருப்பியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆளோடு ஏன் திரும்பத் திரும்பப் போனீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. தோட்டத்து ரோடு ஒரே ஒரு கேட்டு வழியாகத்தான் வெளியே போகும். கேட்டில் காவலுக்கு ஒரு ஜாகா நிற்பார். ஆபீஸில் எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் ஜாகா விடமாட்டார். துண்டு கிடைப்பது கிராணியார் மனசைப் பொறுத்தது. குறுக்குவழியின் வழி எதுவும் கேட்டுப் பக்கம் போகாது. அட்டை கடிக்கும், முள் கிழிக்கும், பாயா என்கிற சதுப்பின் சேற்றில் இடுப்பு வரை இறங்க வேண்டும். ஆனால் யாரிடமும் துண்டு கேட்க வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சுண்ணாம்புக்கல் மலை ஒன்றில் ஏற்றினார். கை கால் எல்லாம் தோல் உரிந்துவிட்டது. மேலே போய் உட்கார்ந்தால் கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் கீழே கிடந்தது. வெள்ளை மணல் மேடுகள், ஈயம் தோண்டிய குளங்கள், புகை விட்டுக்கொண்டு போகும் ரயில். தூரத்தில் கறுப்பாக ஒரு சின்னத் திட்டு. எங்கள் தோட்டம். அவர் என் கையைப் பிடித்து என் கண்ணுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார். உள்ளங்கைக்குப் பின்னால் திட்டு காணாமல் போனது.

"அவ்வளவுதான்டா. கையால மறச்சிடலாம். இதுக்குப் போயி பயந்துக்கிட்டு கெடக்குறோம்."

என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கொடுத்த பெரிய பொருள் அதுதான். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு.

அடுத்தது வெள்ளம்.

மழை பிடித்து நாள் கணக்கில் நிற்கவில்லை. பாக்கியத்துக்கு அது தலைப்பிரசவம். வலி எடுத்து ஒரு நாள் ஆகிவிட்டது. விடிந்ததும் மருத்துவச்சி கையை உதறிவிட்டாள். "புள்ள திரும்பிக் கெடக்கு. என்னால ஆவாது. பத்து காஜா டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு, இன்னைக்கே" என்றாள்.

நான் ஆபீஸுக்கு ஓடினேன். பாக்கியமும் சவரியின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். ஆபீஸ் வாசலில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றன. ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், ரயில் கொட்டகைக்குக் கொண்டு போக. நீங்கள் குடையோடு நின்றீர்கள், கிராணியார் ஐயா. நான் உங்கள் காலில் விழுந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம். சேற்றில் விழுந்தேன்.

"வண்டி கிடையாதுடா. ஷீட்டு நனைஞ்சா துரைக்கு நீயா பதில் சொல்லுவ?"

பாக்கியம் அந்த வலியிலும் பேசினாள். "ஐயா, ஷீட்டு மேலயே ஓரமா ஒண்டிக்கிறேன். எடம் அடைக்க மாட்டேன்."

"ஷீட்டு அழுக்காவும்" என்றீர்கள்.

இதை நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. நடந்தாவது போகிறோம், துண்டு கொடுங்கள் என்றேன். துரை கையெழுத்து இல்லாமல் இன்றைக்குத் துண்டு இல்லை, துரை ஈப்போவில் இருக்கிறார், ஆட்கள் வெள்ளத்தைச் சாக்கு வைத்து ஓடப் பார்க்கிறார்கள் என்றீர்கள். கேட்டைப் பூட்டச் சொன்னீர்கள். கேட்டை உடைத்திருக்கலாம். நாங்கள் ஒரு லயம் ஆட்கள் இருந்தோம். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

குறுக்குவழி அப்போது அங்கே வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பாக்கியத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "போர்வையும் ஒரு மூங்கிலும் கொண்டா. தூளி கட்டு. பின்பக்கமா போவலாம்" என்றார். முன்னால் அவர் பாராங்கோடு. மூங்கிலின் இரண்டு முனையிலும் நானும் சவரியும். நடுவில் தூளியில் பாக்கியம்.

"எவ்வளவு தூரம் அண்ணே?" என்றாள்.

"மூணு வெத்தல."

"அப்ப புள்ள பொறந்து, பள்ளிக்கூடம் போயி, கல்யாணமும் ஆயிரும்."

அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காட்டில் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. பாயா ஏரியாகக் கிடந்தது. அவர் ஒரு கம்பால் ஆழம் பார்த்துப் பார்த்து முன்னால் இறங்குவார். தண்ணீர் அவர் மார்பைத் தாண்டினால் திரும்பி வந்து வேறு பக்கம் இறங்குவார். நாங்கள் மூங்கிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம். சவரி மாதாவை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

"மாதாவக் கூப்பிடு, வேணாங்கல. ஆனா காலப் பாத்து வையி."

"நீங்களும் யாரையாவது கூப்புடலாம்ல அண்ணே?"

"எனக்குத் தெரிஞ்ச சாமி எல்லாம் நேர் ரோட்டுல இருக்கு."

பாயாவைத் தாண்டினால் பக்கத்துத் தோட்டம். அங்கேதான் எல்லாம் கெட்டது. முழங்கால் அளவு தண்ணீர், பாதை தெரியவில்லை, வானம் தகரம் போல மூடிக் கிடந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். குறுக்குவழி ஒரு மரத்தைத் தடவினார். காவடி ஞாபகம் வந்தது போலிருக்கிறது. "இவன் மேற்கால திருப்பிட்டான். இந்தத் தடவ ஏமாற மாட்டேன்" என்று சொல்லி நடந்தார். நடந்தோம். தூளி கனத்தது. பாக்கியம் கத்துவதை நிறுத்திவிட்டு முனக ஆரம்பித்தாள். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது சவரி கிழிந்துபோன தன் தோள் துண்டை ஒரு மரத்தின் கிளையில் தொங்கவிட்டிருந்தான். வெகுநேரம் நடந்து நாங்கள் அதே தோள் துண்டின் முன்னால் வந்து நின்றோம்.

குறுக்குவழி போய் அந்த மரத்தைத் தடவினார். அடுத்த மரத்தைத் தடவினார். அடுத்த நிரைக்கு ஓடினார். பாதி மரம் மேற்கே பார்த்தது. பாதி மரத்தில் பட்டை தீர்ந்து கிழக்கே திருப்பி ஆரம்பித்திருந்தார்கள். அவர் இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் வைத்து நின்றார்.

வழியைக் கண்டுபிடித்தது பாக்கியம். தூளியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தவளுக்குத் தண்ணீர்தான் கண்ணெதிரே இருந்தது. அந்தத் தோட்டத்தில் பால் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டை கட்டியிருந்தார்கள். வெள்ளத்தில் சிரட்டைகள் கழன்று மிதந்தன.

"அண்ணே," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, "செரட்டை எல்லாம் ஒரே பக்கமா போவுதே. ஆறு அங்கிட்டுத்தான இருக்கும்?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஆற்றை இடது கைப்பக்கம் வைத்து நடந்தால் ஈயச் சுரங்கம், அதைத் தாண்டினால் பத்து காஜா ரோடு. "போவலாம்" என்றார். அதற்குமேல் சுரங்கம் வரும் வரை அவர் ஒரு மரத்தையும் தொடவில்லை.

சுரங்கம் இருந்த இடத்தில் சுரங்கம் இல்லை. ஒரே தண்ணீர். கரையில் சீனத் தொழிலாளிகள் தங்கும் கொங்சி வீடு மட்டும் மேட்டில் நின்றது. வயதான சமையல்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தார். குறுக்குவழி அக்கரையைக் காட்டி, "சானா. போலே?" என்று கேட்டார். சமையல்காரர் தலையை ஆட்டினார். "தா போலே." முடியாது. பிறகு தூளிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே போய்ச் சுடுகஞ்சி கொண்டு வந்து பாக்கியத்தின் வாயில் ஊற்றினார். அண்ணாந்து பாலோங்கைக் காட்டினார்.

பாலோங் என்பது ஈயமண் கழுவும் மரத்தொட்டி. பனை உயர மரக்கால்களின் மேல் நீளமாகச் சாய்ந்து நிற்கும். அதன் தாழ்ந்த முனை மணல்மேட்டில் முட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை வெள்ளத்துக்கு அப்பால். நாங்கள் அந்தத் தொட்டிக்குள் இறங்கி, ஈரப் பலகை மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். கீழே தண்ணீர் மரக்கால்களை அறைந்துகொண்டு ஓடியது. மரம் மொத்தமும் ஆடியது. குறுக்குவழி எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். தூளியின் முன்பக்கத்தைத் தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பலகையையும் பின்குதிகாலால் தட்டிப் பார்த்து, "வை. இப்ப வை. இங்க வேணாம். இப்ப வை." அக்கரைப் படி வரும் வரைக்கும் அப்படித்தான் வந்தார்.

ஆஸ்பத்திரி சேர்ந்தபோது சாயந்திரம் நாலு மணி இருக்கும். பாக்கியத்தை உள்ளே கொண்டு போனார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பையன்.

நர்ஸம்மா தமிழ்க்காரம்மா. நல்லவர். அவரும் அழுதார். "ரெண்டு மணி நேரம் முன்ன வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். தூணோரம் தண்ணீர் சொட்ட நின்ற குறுக்குவழியின் காதிலும் அது விழுந்தது.

கிராணியார் ஐயா, அவர் வழி தவறினார். இரண்டு மணி நேரம் தவறினார். நீங்கள் எழுதியதில் அந்த ஒரு துணுக்கு உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தோட்டத்து ரோட்டில் இருந்த பாலம் அன்று நடுப்பகலில்தான் அடித்துக்கொண்டு போனது. அதுவரைக்கும் உங்கள் ஷீட்டு வண்டிகள் அதன் மேல் மூன்று நடை போய்வந்தன. கேட்டில் நின்ற ஜாகா பிறகு எனக்குச் சொன்னார். முதல் நடையில் ஏற்றியிருந்தால் அவள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள்.

குறுக்குவழி பாக்கியம் கிடந்த கட்டிலின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி. நான்தான் தப்பாப் போயிட்டேன். மரம் சரியாத்தான் இருந்துச்சு."

"அண்ணே, நீங்க கொண்டாந்ததாலதான் நான் கெடக்கேன்" என்றாள் அவள். அதைக் கேட்க அவர் நிற்கவில்லை.

அவரும் சவரியும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். மறுநாள் பெரட்டில் என்ன நடந்தது என்று சவரி சொன்னான். துண்டு இல்லாமல் யார் யார் போனது என்று கேட்டீர்கள். குறுக்குவழி முன்னால் வந்து, "அவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் ஏமாத்திக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். எல்லார் முன்னாலும் செக்ரோலைத் திறந்து அவர் பேரை வெட்டினீர்கள், இரண்டாவது தடவை. பொழுது சாய்வதற்குள் லயத்தை விட்டுப் போகச் சொன்னீர்கள். அவர் ஓடவில்லை. நீங்கள் துரத்தினீர்கள். என் பேரும் சவரி பேரும் தப்பியது. பாக்கியம் தேறியதும் நான் திரும்பி வந்து உங்கள் தோட்டத்திலேயே இன்னும் பல வருஷம் வாயைத் திறக்காமல் மரம் வெட்டினேன்.

ஆறாம் நாள், பாக்கியம் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, ஒரு மாட்டு வண்டி அவரைக் கொண்டு வந்து இறக்கியது. பத்து காஜா ரோட்டோரம் காய்ச்சலில் கிடந்தாராம். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது.

"ரோட்டாலதான்டா வந்தேன்" என்றார். "தங்கச்சி எப்படி இருக்குன்னு பாக்க. அதான் இவ்வளவு லேட்டு."

இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். ஆஸ்பத்திரி ஆள் பேர் கேட்டபோது அவருக்குச் சுயநினைவு இல்லை. என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதெல்லாம் ஒரு பேரா என்று சொல்லி, தமிழர், ஆண், பேர் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் ஆபீஸ் படியில் நின்று உங்களிடம் ஒரு தடவை கேட்டேன். "ஓடிப்போனவன் பேரு உனக்கெதுக்குடா?" என்றீர்கள். இப்போது தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். செக்ரோல் எந்தக் குப்பையில் போனதோ. நீங்கள் இருக்கிறீர்கள். அன்று ஷீட்டு எத்தனை கட்டு ஏற்றினோம் என்றுகூட நினைவு வைத்து எழுதியிருக்கிறீர்கள். அவர் பேர் மட்டும் மறந்திருக்க வழியில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்போம். பாக்கியம் ஒவ்வொரு இலைக்கும் சாம்பிராணி காட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கடைசி இலை அவருக்கு. சோறு, ஒரு சுருட்டு, மூன்று வெற்றிலை. அந்த இலைக்கு வந்ததும் அவளுக்கு வாய் நின்றுவிடும். எழுந்து போய் அடுப்படியின் பின்கதவைத் திறந்து வைப்பாள். "அண்ணே, இப்படியே வாங்க. அடுப்ப மிதிச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார் என்று நம்புகிறாள். எனக்குச் சாமியிலும் பேயிலும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் நானும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிராணியார் ஐயா, எனக்குக் கடிதம் போட வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். எங்கே அவரைக் கோமாளி என்று எழுதினீர்களோ அதே பத்திரிகையில், எல்லாரும் பார்க்க, தீபாவளிக்கு முன்னால் எழுதுங்கள். நீங்கள் இரண்டு முறை எழுதி இரண்டு முறை வெட்டினீர்களே, அந்தப் பேர் என்ன?